கப்பல் வாங்கிய ரயில்

கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே வரும் புகையிரதம் மதவாச்சியில் யாழ்ப்பாணப் பாதையை விட்டுப் பிரிகிறது. செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், திருக்கேதீச்சரம் என்று காட்டையும் குளத்தையும் கடந்து, தாம்போதி வழியாக மன்னார்த் தீவுக்குள் நுழைகிறது. தோட்டவெளி, பேசாலை, தலைமன்னார். அதற்கும் அப்பால் இன்னொரு நிலையம் உண்டு. அதன் பெயர் ‘தலைமன்னார் பியர்’. பியர் என்றால் கப்பலணையும் மேடை. கப்பல் வந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. பழைய மேடையின் எலும்புக்கூடு மட்டும் வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் கடலுக்குள் நிற்கிறது. ஊரின் பெயரில் பியர் இருக்கிறது, பள்ளிக்கூடத்தின் பெயரில் இருக்கிறது, பயணச்சீட்டிலும் இருக்கிறது.

ரயிலும் நீராவிக் கப்பலும் மோதிக்கொண்ட கதை என்றால் எல்லோரும் மிசிசிப்பி ஆற்றைச் சொல்வார்கள். 1856 ஏப்ரலில் ராக் ஐலண்டில் அந்த ஆற்றின் குறுக்கே முதல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு வாரத்தில், மே 6 அன்று, ‘எஃபி ஆஃப்டன்’ என்ற நீராவிப் படகு பாலத்தின் தூணில் மோதித் தீப்பிடித்து எரிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. படகுக்காரர் வழக்குப் போட்டார். பாலக் கம்பெனிக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஆற்றின் நெடுக்கே போகிறவனுக்கு உரிமையா, குறுக்கே போகிறவனுக்கு உரிமையா என்பதுதான் வழக்கு. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தார்கள்.

மன்னார்க் கடலில் நடந்தது அப்படிப்பட்ட நேரடிச் சண்டை அல்ல. இங்கே ரயில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கப்பலுக்குக் கூட்டாளியாக இருந்தது. பிறகு ஒருநாள் தானே கப்பல் வாங்கிக்கொண்டது. பகைவனிடம் தோற்பதைவிடக் கூட்டாளியிடம் தோற்பது சத்தமில்லாமல் முடிந்துவிடும். அதனால்தானோ என்னவோ, இந்தக் கதை போட்டி என்ற கணக்கிலேயே எழுதப்படுவதில்லை.

ரயிலுக்கு முன்னால் இந்தக் கடலைக் கடந்தவர்கள் தோணியில் கடந்தார்கள். இராமேஸ்வரத்துக்குப் போன யாத்திரிகர், கீழக்கரை மரைக்காயர்களின் சரக்கு, சங்கு, முத்து, கருவாடு எல்லாமே பாய்மரத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்கள் வந்த பிறகு இந்த வழியில் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினார்கள். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியே சுமார் 150 மைல் நடந்து மாத்தளைக்குப் போக வேண்டும். காலராவும் காய்ச்சலும் தாகமும் வழியெங்கும் ஆட்களைத் தின்றன. கடலும் விடவில்லை: 1864-இல் ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் மூழ்கி 120 பேர் இறந்ததை மலையக வரலாற்று நூல்கள் இன்றும் சொல்கின்றன. 2023-இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டு நினைவாக, ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனார்கள். சாலை வசதி, மருத்துவ உதவி எல்லாம் இருந்தும் அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

இலங்கையின் முதல் ரயில் ஓடியதும் அதே 1864-இன் டிசம்பரில்தான். 1867-இல் கண்டிக்குப் போனது. 1880-இல் மாத்தளைக்குப் போனது. எதற்காகப் போட்ட பாதை என்பதில் ஒளிவுமறைவு கிடையாது: கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க. கோப்பி மூட்டை ரயிலில் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், அதைப் பறித்தவன் மன்னார்க் காட்டில் நடந்துகொண்டிருந்தான்.

அக்கரையில் தென்னிந்திய ரயில்வே 1876-இல் தூத்துக்குடியைத் தொட்டது. சில ஆண்டுகளுக்குள் சென்னையிலிருந்து தூத்துக்குடிவரை தண்டவாளம் இணைந்துவிட்டது. தண்டவாளம் முடிகிற இடத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி காத்திருந்தது. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே தபால் சுமப்பதற்காக வில்லியம் மக்கின்னன் ஆரம்பித்த கம்பெனி அது; 1862-இல் பெயரை மாற்றிக்கொண்டு வங்காள விரிகுடா முழுவதையும் தன் முற்றமாக்கிக்கொண்டது. ஊர்வாயில் அது ‘பி.ஐ. கப்பல்’. ரயில் வந்து சேர, கப்பல் புறப்பட, மறுநாள் காலை கொழும்பு. தபாலும் அதில்தான் போயிற்று. போட் மெயில் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

கூட்டு நன்றாகத்தான் நடந்தது. ஆனால் தூத்துக்குடிக்கு ஒரு குறை இருந்தது: கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் சிறு படகில் ஆடி ஆடிப் போய், கப்பல் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். கச்சான் காலத்தில் குழந்தையை ஒரு கையிலும் மூட்டையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஏறுவது எப்படியிருக்கும் என்று நினைத்துப்பார்க்கலாம். பிறகு ஓர் இரவு முழுக்கக் கடல். மேல்வகுப்புக்காரருக்கு அறை இருந்தது. மற்றவர்களுக்குத் திறந்த தளம்.

இந்தத் தடத்தில்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை கை வைத்தார். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. 25 ரூபாய்ப் பங்குகள் 40,000, மொத்த மூலதனம் பத்து லட்சம். முதலில் வாடகைக் கப்பல். கப்பலைக் கொடுத்தவர்மேல் அழுத்தம் விழுந்து அவர் விலகிக்கொள்ள, வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. காலியாவில் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றலாம். பி.ஐ. கட்டணத்தைக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே போனது. பி.ஐ. ஒரு ரூபாய் என்றால் இவர்கள் எட்டணா. கடைசியில் பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்தக் கதையை நாம் விடுதலைப் போராட்டக் கதையாகப் படித்துப் பழகிவிட்டோம். அது சரிதான். ஆனால் போக்குவரத்து வரலாறு என்று படித்தால் இன்னொன்று தெரிகிறது. இரண்டு கம்பெனிகளும் எந்தத் தடத்துக்காக அடித்துக்கொண்டனவோ, அந்தத் தடத்தையே பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கான வேலை வடகிழக்கே ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம்வரை ரயில் வந்துவிட்டது. 1905-இல் இலங்கையின் வடபாதை காங்கேசன்துறைவரை முழுமையாயிற்று. இரண்டையும் படத்தில் வைத்துப் பார்த்தால் இடையில் இருப்பது பாம்பன் கால்வாயும், மன்னார்த் தீவும், நடுவே இருபது மைல் கடலும்தான். வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்தது 1912 டிசம்பர் 24. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. சுதேசிக் கம்பெனி எல்லா அடக்குமுறையையும் தாங்கிப் பிழைத்திருந்தாலும், ரயில்வே என்ற மூன்றாவது ஆளை அது எப்படிச் சமாளித்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

வடபாதை திறந்தபோதே இலங்கைக் கரையில் ஒரு சிறிய ஒத்திகை நடந்துவிட்டது. அதுவரை தீவைச் சுற்றி ‘லேடி ஹாவ்லொக்’ போன்ற கரையோரக் கப்பல்கள்தான் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்துவந்தன. ஒரே பகலில் கொழும்புக்குப் போகலாம் என்றானதும் அவற்றின் தளத்தில் யார் உட்காருவார்கள்?

பாம்பன் பாலத்துக்கு வருவோம். 1911-இல் வேலை தொடங்கியது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல், 145 தூண்கள். இத்தனைக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பாலம் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும். ஷெர்சர் முறைத் தூக்குப்பாலம் அது. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறக்க வேண்டும். ரயிலுக்கு அந்தப் பிளவு வேண்டியதில்லை, கப்பலுக்காகத்தான் வைத்தார்கள். பாம்பன் கால்வாயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்தே வெடிவைத்தும் தோண்டியும் ஆழப்படுத்தி, சிறு கப்பல்கள் போகும் வழியாக்கி வைத்திருந்தார்கள். அந்த வழியை ரயில் அடைக்கக் கூடாது. மிசிசிப்பியில் ஜூரிகளால் தீர்க்க முடியாத வழக்கைப் பாம்பனில் இரும்பும் பல்சக்கரமும் தீர்த்துவைத்தன: குறுக்கே போகிறவன் நெடுக்கே போகிறவனுக்காக அவ்வப்போது கதவைத் திறந்துவிட வேண்டும்.

ஆனால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் அந்தச் சமாதானம் எட்டப்படவில்லை. மணல்திட்டுகளின் வரிசை அங்கே கிடக்கிறது. யாத்திரிகருக்கு அது இராமர் அணை, ஆங்கிலேயர் வரைபடத்தில் ஆதாம் பாலம். கப்பல்காரர்கள் அதைப் பார்த்தபோதெல்லாம் தோண்டத் தோன்றியது. 1860-இல் இந்தியக் கடற்படையின் டெய்லர் கால்வாய்த் திட்டம் எழுதினார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டங்கள் வந்தன. கால்வாய் வந்தால் கப்பல் இலங்கையைச் சுற்ற வேண்டாம். ரயில்காரர்கள் அதே மணலைப் பார்த்தபோது நிரப்பத் தோன்றியது. 1913-இல் தென்னிந்திய ரயில்வே தயாரித்த திட்டத்தின்படி தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார்வரை சுமார் 20 மைல் தண்டவாளம். அதில் ஏழு மைல் சொச்சம் திட்டுகளின்மேலேயே போகும். மீதி, கிட்டத்தட்ட பதின்மூன்று மைல் மட்டும் தண்ணீருக்குள். கடலுக்குள் வரிசையாகக் கான்கிரீட் முளைகளை இறக்கிவிட்டால், அலை அள்ளிக்கொண்டு வரும் மணலே படிந்து அணையாகிவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கடலுக்குக் கூலி கொடுக்க வேண்டாம் அல்லவா.

ஒரே இருபது மைல். ஒருவர் தோண்ட வேண்டும் என்கிறார், ஒருவர் தூர்க்க வேண்டும் என்கிறார். இரண்டும் சேர்ந்து நடக்க முடியாது. 1914-இல் உலகப்போர் வந்தது. தூர்க்கும் திட்டம் கிடப்பில் விழுந்தது. தோண்டும் திட்டம் 2005 ஜூலை 2 அன்று மதுரையில் சேது சமுத்திரம் என்ற பெயரில் தொடங்கிவைக்கப்பட்டு, வழக்குகளில் சிக்கி நின்றது. திட்டுகள் இருந்தபடியே இருக்கின்றன. இரண்டு கட்சியையும் மணல் தோற்கடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பாலம் உடனே வராது என்று தெரிந்ததும் தென்னிந்திய ரயில்வே தானே கப்பல் வாங்கியது. இங்கிலாந்தில் ரயில் கம்பெனிகள் ஆங்கிலக் கால்வாய்க்கும் ஐரிஷ் கடலுக்கும் சொந்தக் கப்பல் விட்ட பழக்கம் அப்போதே பழையது. யோசனை அங்கிருந்து வந்தது. கிளாஸ்கோவின் ஏ. அண்ட் ஜே. இங்லிஸ் தளத்தில் 1913-இல் மூன்று கப்பல்கள் கட்டப்பட்டன. ‘கர்சன்’, ‘எல்ஜின்’, ‘ஹார்டிஞ்ச்’. மூன்றும் வைஸ்ராய்களின் பெயர்கள். பின்னாளில் ‘இர்வின்’, ‘கோஷன்’. கவர்னர்களும் வைஸ்ராய்களும் ஊருக்குப் போன பிறகும் இந்தச் சிறு கடலில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

1914-இல் மதவாச்சி–தலைமன்னார்ப் பாதையும் திறந்தது. சுமார் 66 மைல். எழும்பூரில் ஏறினால் கொழும்புவரை ஒரே சீட்டு. தனுஷ்கோடியில் ரயிலிலிருந்து இறங்கி மேடையோடு ஒட்டி நிற்கும் கப்பலில் நடந்தே ஏறலாம். ஏணியில் தொங்க வேண்டாம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே இரவு வண்டி தயார். தூத்துக்குடி வழியோடு ஒப்பிட்டால் மொத்த நேரத்தில் பெரிய லாபம் இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கடலில் கழிக்கும் நேரம் ஓர் இரவிலிருந்து இரண்டு மணியாகச் சுருங்கியது. பயணியின் வயிறு அந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

பி.ஐ. கம்பெனி இதற்காக அழுததாகத் தெரியவில்லை. அதற்கு ரங்கூன், பினாங்கு, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எத்தனையோ தடங்கள். அதே 1914-இல் பி. அண்ட் ஓ. கம்பெனியோடு இணைந்து இன்னும் பெருத்தது. தவிர, பர்மா அரிசியை ரங்கூனில் ஏற்றி நேராகக் கொழும்பில் இறக்குகிறவனுக்குத் தலைமன்னார் எதற்கு? சரக்கு விஷயத்தில் ரயிலின் கை கடைசிவரை தாழ்ந்தே இருந்தது. காரணம் எளிமையானது. தனுஷ்கோடியில் முடிந்தது மீட்டர் பாதை. தலைமன்னாரில் தொடங்கியது ஐந்தரை அடி அகலப் பாதை. இக்கரைப் பெட்டி அக்கரையில் ஓடாது. பெட்டியோடு கப்பலில் ஏற்றிக் கடத்தலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. ஒவ்வொரு மூட்டையையும் ரயிலிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் தோளில் சுமக்க வேண்டும். ஆகவே மனிதர்களை ரயில் எடுத்துக்கொண்டது, மூட்டைகளைக் கப்பல் வைத்துக்கொண்டது.

மனிதர்கள் என்று சொன்னேன். அதில் பெரும்பகுதி கர்சனின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் அல்ல, தோட்டத்துக்குப் போனவர்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் இலங்கை அரசு வைத்திருந்த முகாமின் வேலையை மண்டபம் முகாம் எடுத்துக்கொண்டது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய இடம் அது. அம்மை குத்தி, சில நாட்கள் அடைத்துவைத்துப் பார்த்து, பிறகு ரயிலேற்றுவார்கள். கழுத்திலோ இடுப்பிலோ ஒரு தகரத் துண்டு இருக்கும். 1901-இலிருந்து வந்த ஏற்பாடு இது: துண்டில் தோட்டத்தின் அடையாளம் இருக்கும், ரயில் கட்டணமும் கப்பல் கட்டணமும் தோட்டத்தின் கணக்கில் ஏறும், போகிறவன் கையில் காசே இல்லாமல் தோட்டம்வரை போய்விடலாம். போன பிறகு அது அவன் கடன். காட்டுவழி நடையில் செத்தவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் சரக்குக்கு ஒட்டும் சீட்டுக்கும் இந்தத் துண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 1980களில் அகதிகள் எதிர்த்திசையில் வந்தபோது அதே மண்டபம் முகாமில்தான் இறக்கப்பட்டார்கள்.

இந்தப் போட்டியில் யாருமே கணக்கில் எடுக்காத மூன்றாவது ஆள் தோணிக்காரன். தூத்துக்குடித் தோணி பி.ஐ. கப்பலையும் பார்த்தது, காலியாவையும் பார்த்தது, கர்சனையும் பார்த்தது. எல்லாம் போன பிறகும் வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்க்கொண்டிருந்தது. பாக்கு நீரிணையில் அதற்கு வேறொரு வேலையும் இருந்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு கடவுச்சீட்டு, விசா என்று இரண்டு கரையிலும் காகிதம் பெருகியது. ரயிலும் கப்பலும் காகிதம் உள்ளவனை மட்டும் ஏற்றும். காகிதம் இல்லாதவன் இருட்டில் தோணி ஏறினான். ‘கள்ளத்தோணி’ என்ற சொல் அங்கிருந்து புறப்பட்டு, கப்பலிலும், கோச்சி என்று அவர்கள் சொல்லும் ரயிலிலும் முறையாக வந்து நான்கு தலைமுறை உழைத்தவர்கள்மேலும் வசவாக ஒட்டிக்கொண்டது.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு. எட்டு வாரத்தில், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. பாம்பன் பாலத்தை 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடியை மறுபடி கட்டவில்லை. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. மலைநாட்டிலிருந்து கோச்சியில் இறங்கிய குடும்பங்கள் தலைமன்னார் மேடையில் பெட்டியும் தகரப்பானையுமாக உட்கார்ந்து ‘ராமானுஜம்’ கப்பலுக்குக் காத்திருந்தன. எந்த வழியாகப் பாட்டன் கொண்டுவரப்பட்டானோ அந்த வழியாகவே பேரன் அனுப்பப்பட்டான். 1980களின் நடுவில் போர் கப்பலை நிறுத்தியது. 1990-இல் ரயிலும் நின்றது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, தாம்போதியில் பாலம் தகர்க்கப்பட்டது.

போருக்குப் பின் இந்தியாவின் இர்கான் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2015 மார்ச் 14 அன்று நரேந்திர மோடி தலைமன்னாரில் கொடியசைத்து வண்டியை அனுப்பிவைத்தார். கப்பலைப் பற்றிய அறிவிப்புகள் அவ்வப்போது வருகின்றன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மன்னார்த் தடத்தில் இன்னும் இல்லை.

அக்கரையில் இதற்கிடையே ஒரு வேலை நடந்தது. 2007-இல் பாம்பன் பாலம் உட்பட இராமேஸ்வரம்வரை மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலமும் திறந்தது. அதன் நடுப்பகுதி பிளவுபடுவதில்லை, 72.5 மீட்டர்த் துண்டு அப்படியே நேராக மேலே எழும்புகிறது, இப்போதும் கப்பலுக்காகத்தான். 1914-இல் கப்பல் இருந்தது, தண்டவாளத்தின் அகலம் பொருந்தவில்லை. இன்று இராமேஸ்வரத்தில் நிற்கும் பெட்டியும் தலைமன்னார் பியரில் நிற்கும் பெட்டியும் ஒரே ஐந்தரை அடித் தண்டவாளத்தில் நிற்கின்றன.